சார்ஜரில் அணைந்த பச்சை விளக்கு: ஆன் ஆகாத ஒரு லேப்டாப்பின் நிகழ்வு ஆய்வு

நவம்பரில் விடாமல் மழை பெய்த ஒரு வாரத்தில் இந்த லேப்டாப் என் மேசைக்கு வந்தது. கொண்டுவந்தவர் அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கும் ஆசிரியை. அரையாண்டுத் தேர்வுக்குக் கேள்வித்தாள் அடித்துக்கொண்டிருந்தபோது திரை சட்டென்று இருண்டுவிட்டது என்றார். அதற்கப்புறம் பவர் பட்டனை அழுத்தினால் விளக்கு இல்லை, ஃபேன் சத்தம் இல்லை, ஒன்றுமே இல்லை.

“இடி இடிச்சிக்கிட்டு இருந்துச்சு தம்பி. மின்னல்ல போர்டு போயிருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க.”

ஏற்கனவே ஒரு கடையில் காட்டியிருந்தார். சார்ஜர்தான் போயிருக்கும் என்று சொல்லி முதலில் புதிதாக ஒன்று வாங்க வைத்திருக்கிறார்கள், 1,400 ரூபாய். அதிலும் ஆன் ஆகவில்லை. பிறகு திறந்து பார்த்துவிட்டு, ஷார்ட் எதுவும் இல்லை, ஐசி (சிப்) போயிருக்கிறது, போர்டையே மாற்ற வேண்டும், 16,000 ஆகும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஐந்து வருட மெஷினுக்கு அவ்வளவு போடுவதா, கடன் வாங்கியாவது புதிது எடுத்துவிடுவதா என்ற குழப்பத்தோடுதான் என்னிடம் வந்தார்.

இந்த வேலையை மட்டும் இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. இதில் ஒரு பழுதுக்குப் பின்னால் இன்னொன்று, அதற்கும் பின்னால் மூன்றாவது ஒன்று என்று ஒளிந்திருந்தன. முதலாவதைச் சரிசெய்ததும் கையைத் துடைத்திருந்தால், அடுத்த நிமிடமே புதுப் பாகமும் வெந்திருக்கும். இரண்டாவதோடு நிறுத்தியிருந்தால், சில மாதத்தில் மெஷின் திரும்பி வந்திருக்கும்.

திறப்பதற்கு முன்

ஸ்க்ரூடிரைவரை எடுப்பதற்கு முன்னால் பத்து நிமிடமாவது பேசுவேன். ஆன் ஆகவில்லை என்று மக்கள் சொல்வதற்குள் இரண்டு தனித்தனி நோய்கள் அடங்கியிருக்கின்றன. ஒன்று, உண்மையிலேயே பவர் இல்லை. மற்றொன்று, பவர் வருகிறது, திரையில்தான் எதுவும் இல்லை. இரண்டாவது வகையில் ரேம் கழன்றிருக்கலாம், திரைக்குப் போகும் கேபிள் போயிருக்கலாம். கேப்ஸ் லாக் பட்டனைத் தட்டினால் அதன் விளக்கு மாறுகிறதா, ஃபேன் ஒரு கணமாவது சுற்றுகிறதா, வெளியே ஒரு மானிட்டரையோ டிவியையோ இணைத்தால் படம் வருகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடலாம். டீச்சர் இதில் எல்லாவற்றையும் பார்த்திருந்தார். சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடிப்பதும் செய்திருக்கிறார். போர்டில் தேங்கி நிற்கும் மின்சாரம் இறங்கி, கட்டுப்பாட்டுச் சிப் புதிதாகத் தொடங்க அது ஒரு நல்ல வழி. பல மெஷின்கள் அதிலேயே எழுந்துவிடும். இது எழவில்லை.

“சார்ஜர்ல லைட் எரியுதா டீச்சர்?”

“எரியுது. லேப்டாப்ல சொருகினாத்தான் அணைஞ்சிடுது. எடுத்தா மறுபடி எரியுது. புது சார்ஜரும் அப்படியேதான்.”

இந்த ஒரு பதிலை அந்தக் கடையில் கேட்டிருந்தால் 1,400 ரூபாய் மிச்சம். சொருகினவுடன் விளக்கு அணைகிறது என்றால் சார்ஜர் கெட்டிருக்கிறது என்று பொருளில்லை. தாங்க முடியாத அளவுக்கு லேப்டாப் மின்சாரத்தை இழுக்கிறது, சார்ஜர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே அடங்கிவிடுகிறது. பழைய சார்ஜரை லோடு கொடுத்துச் சோதித்தேன். 19.5 வோல்ட்டில் இம்மி குறையாமல் நின்றது. மின்னல் கரண்ட் லைன் வழியாக வந்திருந்தால் முதலில் அடி வாங்கியிருக்க வேண்டியது சார்ஜர்தான். அது நன்றாக இருக்கும்போது மின்னல் கதையை ஓரமாக வைக்கலாம் என்று எனக்குப் பட்டது.

பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னார். டியூப்லைட் வெளிச்சம் திரையில் அடித்ததால் திரையைக் கொஞ்சம் பின்னுக்குச் சாய்த்தாராம், அந்த நேரத்தில்தான் அணைந்ததாம். ஜாப் கார்டில் குறித்துக்கொண்டேன். அப்போது அதற்கு நான் பெரிய மதிப்புக் கொடுக்கவில்லை.

முதலில் கேள்வித்தாள்

போர்டு பிழைக்கிறதோ இல்லையோ, உள்ளே இருக்கும் ஃபைல்கள் பிழைக்க வேண்டும். பல வருடக் கேள்வித்தாள்கள் அந்த ஒரே மெஷினில்தான் இருந்தன, வேறெங்கும் பிரதி இல்லை. அதனால் பேட்டரி கனெக்டரைக் கழற்றிய கையோடு ஃபைல்கள் இருக்கும் எஸ்எஸ்டியைக் கழற்றி, ஒரு யுஎஸ்பி உறையில் போட்டு என் கம்ப்யூட்டரில் சொருகினேன். எஸ்எஸ்டிக்கு விண்டோஸ் போடும் பிட்லாக்கர் என்ற பூட்டு சாவி கேட்டது. புதிய விண்டோஸ் மெஷின்கள் பலவற்றில் இது நமக்குத் தெரியாமலேயே ஆன் ஆகியிருக்கும். 48 இலக்கத்தில் ஒரு மீட்பு எண் இருக்கும், அது பெரும்பாலும் அவரவர் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே சேமிக்கப்பட்டிருக்கும். டீச்சர் போனில் கணக்கைத் திறந்து, எண்ணை ஒவ்வொரு கட்டமாக வாசிக்க, நான் அடித்தேன். ஃபைல்கள் திறந்தன. பென் டிரைவில் ஏற்றிக் கொடுத்ததும் முகத்தில் இருந்த கலவரம் பாதி குறைந்தது. “இனி மெதுவாப் பாருங்க தம்பி, நான் இருக்கேன்” என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

மீட்டர் ஒன்று சொல்கிறது, சார்ஜர் வேறு சொல்கிறது

முதல் கடையில் ஷார்ட் இல்லை என்று சொன்னது பொய் இல்லை. மீட்டரைப் பீப் மோடில் வைத்து, சார்ஜர் ஜாக்கின் பிளஸ்ஸுக்கும் கிரவுண்டுக்கும் (மைனஸ் பக்கம்) இடையே நானும் தொட்டேன். சத்தம் வரவில்லை. ஆனால் சார்ஜர் அடங்குகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க வேண்டும் என்றால் உள்ளே என்ன நடந்திருக்க வேண்டும்? இந்த வேலை முழுக்க அந்த ஒரு கேள்வியில்தான் நின்றது.

ஜாக்கில் நுழையும் 19 வோல்ட் நேராகப் போர்டுக்குள் போய்விடாது. வாசலில் இரண்டு மாஸ்ஃபெட்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். மாஸ்ஃபெட் என்பது மின்சாரத்துக்கு ஒரு கதவு மாதிரி. சரியான சார்ஜர்தான் வந்திருக்கிறதா, வோல்ட் சரியா என்று சார்ஜிங் ஐசி பார்த்துவிட்டு, அதன் பிறகே இரண்டு கதவுகளையும் திறக்கும். ஒரு கதவு போதாதா என்றால், போதாது. மாஸ்ஃபெட்டின் அமைப்பினாலேயே அதற்குள் ஒரு டயோடு அமைந்துவிடுகிறது. கதவு சாத்தியிருந்தாலும் ஒரு திசையில் மட்டும் மின்சாரம் நழுவிவிடும். அதனால்தான் இரண்டை எதிரெதிர் திசையில் வைக்கிறார்கள். இதன் டயோடு விடுவதை அது தடுக்கும், அதன் டயோடு விடுவதை இது தடுக்கும்.

இப்போது முதல் மாஸ்ஃபெட் உள்ளேயே வெந்து ஒட்டிக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது நன்றாக, சாத்தியே இருக்கிறது. ஆனால் அதன் உள் டயோடு சார்ஜரிலிருந்து போர்டை நோக்கி விடும் திசையில் இருக்கிறது. 19 வோல்ட்டுக்கு அந்த டயோடு ஒரு தடையே இல்லை, அரை வோல்ட்டை விட்டுவிட்டு மீதி அத்தனையும் உள்ளே பாயும். மீட்டரின் பீப் மோடுக்கோ அது பெரிய மதில். மிகக் குறைந்த தடையைக் கண்டால்தான் பீப் அடிக்கும், டயோடைக் கண்டால் பேசாமல் இருந்துவிடும்.

மீட்டரை டயோடு மோடுக்கு மாற்றினேன். சிவப்பு முனை ஜாக்கின் பிளஸ்ஸில், கறுப்பு முனை கிரவுண்டில். நல்ல போர்டில் இந்த இடத்தில் எண் ஏறிக்கொண்டே போய் ஓஎல், அதாவது அளவுக்கு அப்பால், என்று நிற்க வேண்டும். இங்கே 0.48 என்று அசையாமல் நின்றது. அது ஒரு டயோடின் கையெழுத்து. அதாவது முதல் கதவு வெந்திருக்கிறது, இரண்டாவதின் டயோடு வழியாகப் போய், அதற்கும் அப்பால் எங்கோ கிரவுண்டில் முட்டுகிறது.

முதல் மாஸ்ஃபெட்டை ஹாட் ஏரில் (சூடான காற்று ஊதும் கருவி) சூடாக்கித் தூக்கினேன். தனியாக வைத்து அளந்தால் மூன்று கால்களும் ஒன்றோடொன்று ஒட்டியே இருந்தன. ஜாக் பக்கம் இப்போது சுத்தம்.

இந்த இடத்தில்தான் அவசரப்படக் கூடாது. பழுதான பாகம் கையில் கிடைத்துவிட்டது, புதிதைப் போட்டுப் பார்த்துவிடலாம் என்று கை பரபரக்கும். ஆனால் மாஸ்ஃபெட் சும்மா வேகாது. அதைத் தாண்டிப் போர்டு முழுவதற்கும் போகும் 19 வோல்ட் மெயின் லைனை அளந்தேன், இம்முறை ஓம் மோடில். 0.6 காட்டியது. மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டால் என் மீட்டர் 0.2 காட்டும், அதைக் கழித்தால் 0.4 ஓம். கிலோ ஓம் கணக்கில் இருக்க வேண்டிய இடம் அது. ஆக, மாஸ்ஃபெட் கொலைகாரன் இல்லை, செத்தவன். மெயின் லைனில் ஏதோ ஒன்று கிரவுண்டோடு ஒட்டிக்கொள்ள, அந்த வெள்ளம் அத்தனையும் பாய்ந்து வாசல் கதவு வெந்திருக்கிறது.

ஒரு வோல்ட், ரெண்டரை ஆம்பியர்

மெயின் லைனில் தொங்கும் கெப்பாசிட்டர்கள் (மின்சாரத்தைக் கொஞ்சம் தேக்கி வைக்கும் சின்னப் பாகங்கள்) மட்டும் இந்தப் போர்டில் முப்பதுக்கு மேல். பிராசசருக்கும், 3.3 வோல்ட், 5 வோல்ட் லைன்களுக்கும் பவர் தயாரிக்கும் மாஸ்ஃபெட்களும் இதிலிருந்துதான் எடுக்கின்றன. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் போர்டு நொந்துவிடும். வெளியிலிருந்து கொஞ்சம் மின்சாரம் செலுத்தி, எது சூடாகிறது என்று பார்ப்பதே வழி.

அதற்கும் முன்னால் ஒரு சோதனை கட்டாயம். பிராசசருக்குப் போகும் மாஸ்ஃபெட்டே ஒட்டியிருந்தால், மெயின் லைனில் நான் கொடுப்பது நேராகப் பிராசசருக்குள் இறங்கும். அங்கே 19 வோல்ட்டைக் கொடுத்தால் அத்தோடு கதை முடிந்தது. எனவே மெயின் லைனுக்கும், அந்தச் சின்ன லைன்கள் ஒவ்வொன்றின் வாயிலில் இருக்கும் காயிலுக்கும் இடையே அளந்தேன், எதுவும் ஒட்டியிருக்கவில்லை. பிராசசர் காயிலிலிருந்து கிரவுண்டுக்குச் சில ஓம்தான் காட்டியது. வேலைக்குப் புதிதாக வரும் பையன்கள் இதைப் பார்த்து, பிராசசர் ஷார்ட் என்று பயந்துவிடுவார்கள். அந்த இடத்துக்கு அது இயல்பான அளவுதான். இவ்வளவு பார்த்த பிறகும் ஒரு வோல்ட்டுக்கு மேல் கொடுப்பதில்லை என்பது என் வழக்கம். அளந்ததில் ஏதாவது தப்பியிருந்தாலும், பிராசசர் தாங்கக்கூடிய அளவு அது.

பவர் சப்ளையை ஒரு வோல்ட்டில் வைத்து ஒயரைப் பற்றவைக்கும்போது, என்ன செய்யப்போகிறேன் என்று டீச்சருக்குச் சொன்னேன். 0.4 ஓம் என்றதும் அவரே கணக்குப் போட்டார்.

“ஒரு வோல்ட்டு, புள்ளி நாலு ஓம்... ரெண்டரை ஆம்பியர் போகும்ல? அப்ப ரெண்டரை வாட் சூடு ஒரே இடத்துல.”

சப்ளையில் 2.3 என்று காட்டியது. மீதியை ஒயர்களும் முனைகளும் தின்றிருக்கும். போர்டு முழுக்க ஐபிஏ திரவத்தை, அதாவது சூடு பட்டால் சட்டென்று உலரும் ஒரு ஆல்கஹாலை, பிரஷ்ஷால் தடவினேன். தண்ணீர் தெளித்த சிமெண்டுத் தரை மாதிரி பளபளவென்று நனைந்திருந்தது. இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். நான் எதிர்பார்த்தது சார்ஜிங் ஐசியைச் சுற்றியுள்ள பகுதி. அங்கே ஈரம் அப்படியே இருந்தது. வலது மூலையில், கீல் வந்து உட்காரும் ஸ்க்ரூ துளைக்குப் பக்கத்தில், அரிசிமணியில் பாதி அளவுள்ள ஒரு கெப்பாசிட்டரின் மேல் ஈரம் சுருங்கியது. ஒரு வட்டமாக உலர்ந்து, அந்த வட்டம் விரிந்தது. சட்டென்று சப்ளையை அணைத்தேன்.

10 மைக்ரோ ஃபேரட், 25 வோல்ட் பீங்கான் கெப்பாசிட்டர். கழற்றியதும் மெயின் லைன் கிலோ ஓமுக்கு ஏறிவிட்டது. கெப்பாசிட்டரைப் பூதக்கண்ணாடிக்கு அடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கருகிய அடையாளம் இல்லை. ஒரு முனையில், ஈயம் பிடித்திருந்த விளிம்பிலிருந்து சாய்வாக மேலே ஏறும் ஒரு முடியிழை விரிசல். வோல்ட் ஏறி வெந்தது இப்படி இருக்காது. பீங்கான் கெப்பாசிட்டரில் இந்தச் சாய்வு விரிசல் வந்தால், போர்டு வளைந்திருக்கிறது என்று அர்த்தம். போர்டு வளைந்து கொடுக்கும், பீங்கான் கொடுக்காது.

ஜாப் கார்டை எடுத்துப் பார்த்தேன். திரையைப் பின்னுக்குச் சாய்த்தபோது அணைந்தது.

கீல்

வலது கீலைப் பிடித்து ஆட்டினேன், ஆடியது. கீலைத் தாங்கும் ஸ்க்ரூ போய் உட்காரும் பித்தளை மரை, அடிக் கவரின் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து பெயர்ந்திருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, ஓரத்தில் நகம் நுழையும் அளவு ஒரு இடைவெளி மட்டும். கீலோ இறுகிப்போய் இருந்தது. திரையைத் திறக்கும் ஒவ்வொரு முறையும், கீல் சுழல்வதற்குப் பதில் போர்டின் மூலையைப் பிடித்து மேலே நெம்பியிருக்கிறது. எத்தனை மாதமாக என்று கேட்டேன். கோடை விடுமுறைக்கு முன்னாலேயே மூடும்போது டக்கென்று ஒரு சத்தம் வரும் என்றார். பஸ்ஸில் பையை மடியில் வைத்துக்கொண்டு போகிறவர், தினமும் இரண்டு வேளை திறந்து மூடுகிறவர்.

ஆக வரிசை இப்படி. கீல் உடைந்தது, போர்டு வளைந்தது, கெப்பாசிட்டர் விரிசல் விட்டு ஒட்டியது, மாஸ்ஃபெட் வெந்தது, சார்ஜர் விளக்கு அணைந்தது. நமக்குக் கண்ணில் பட்டது கடைசி ஒன்று மட்டும்.

திரும்ப எழுப்பியது

இரண்டு பாகங்களும் என்னிடம் இருந்த ஒரு ஸ்கிராப் போர்டிலேயே கிடைத்தன. அந்த லைனில் கெப்பாசிட்டர்கள் பல இணையாக நிற்பதால் ஒன்று இல்லாமலும் மெஷின் ஓடும். சிலர் போடாமலே விட்டுவிடுவார்கள். நான் போடாமல் அனுப்புவதில்லை. 19 வோல்ட் லைனுக்கு 25 வோல்ட் தாங்குவதாக இருக்க வேண்டும், கையில் இருக்கிறதே என்று 16 வோல்ட்டைப் போட்டுவிடக் கூடாது.

சார்ஜரை நேராகச் சொருகாமல், பவர் சப்ளையில் 19 வோல்ட் வைத்து ஆம்பியரை 0.3-க்கு மட்டுப்படுத்திக் கொடுத்தேன். எங்காவது தவறு மிச்சம் இருந்தால் போர்டு வேகாமல் சப்ளை அடங்கிக்கொள்ளும். 0.02 என்று நின்றது, உயிருள்ள போர்டு தூங்கும்போது இழுக்கும் அளவு. சார்ஜிங் ஐசி பிழைத்திருக்கிறதா என்ற கவலை எனக்கு இருந்தது. மாஸ்ஃபெட்டின் கேட்டை, அதாவது கதவைத் திறக்கச் சொல்லும் காலை, அளந்தேன், 25 வோல்ட் அளவு இருந்தது. கதவைத் திறந்து வைக்க, உள்ளே வருவதைவிட ஆறு வோல்ட் கூடுதலாக ஐசி தயாரித்துக் கொடுக்க வேண்டும். கொடுக்கிறது, ஐசி நலம். காயில்களில் 3.3 வோல்ட்டும் 5 வோல்ட்டும் வந்துவிட்டன.

வரம்பை 3 ஆம்பியருக்கு ஏற்றிவிட்டு, “நீங்களே அமுக்குங்க டீச்சர்” என்றேன். 0.4 என்று காட்டியது, பிறகு 0.9, அப்புறம் ஏறியும் இறங்கியும் ஆடியது. இந்த ஆட்டம்தான் நான் பார்க்க விரும்புவது, ஒரே எண்ணில் உறைந்து நின்றால் போர்டு எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. டீச்சர் என் முகத்தைப் பார்த்தார். மொத்தப் பவரும் போய் வந்த மெஷின் முதல் தடவை ரேமை நிதானமாகச் சோதித்துக்கொள்ளும், ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம், பட்டனைத் திரும்பத் திரும்ப அழுத்தக் கூடாது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே திரை விழித்தது.

பேட்டரியை இணைத்ததும் அது செத்ததுபோல்தான் காட்டியது. ஷார்ட் ஆன நேரத்தில் பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்புச் சுற்று தன்னைத் துண்டித்துக்கொண்டிருக்கும். பழைய சார்ஜரைச் சொருகிக் கொஞ்ச நேரம் விட்டதும் விழித்துக்கொண்டு சார்ஜ் ஏறத் தொடங்கியது. வீக்கம் எதுவும் இல்லை, மாற்றத் தேவைப்படவில்லை.

கீலுக்குத்தான் ஒரு நாள் ஆனது. பித்தளை மரையை எபாக்சிப் பசை வைத்துப் பழைய இடத்தில் நிறுத்தி, இரவு முழுக்கக் காயவிட்டேன். கீலின் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்தினேன், இப்போது திரை ஒரு விரலுக்குத் திறக்கிறது. மறுநாள் மெஷினை ஓடவிட்டு, ஆம்ப்ஸ் மீட்டரைப் பார்த்தபடியே ஐம்பது முறை திறந்து மூடினேன். முள் தாறுமாறாகத் துள்ளவில்லை. இரண்டு மணி நேரம் சார்ஜரோடு, ஒரு மணி நேரம் பேட்டரியில். மொத்தம் 2,200 ரூபாய் வாங்கினேன், அதில் பெரும்பங்கு கீல் வேலைக்கு.

வந்து வாங்கிக்கொண்டவர் திரையை ஓரத்தைப் பிடிக்காமல் நடுவில் பிடித்துத் திறந்தார். புதுச் சார்ஜரைப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். ஜாப் கார்டில் செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்த அந்தக் கெப்பாசிட்டரைப் பார்த்துவிட்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்னோட்டப் பாடம் எடுக்கும்போது காட்ட வேண்டும், தருவீர்களா என்று கேட்டார். டேப்போடு பிய்த்து ஒரு சின்னக் கவரில் போட்டு, மேலே 0.4 ஓம் என்று எழுதிக் கொடுத்தேன்.